பதிப்பெண்ணும் ஆவணமும்: ஆய்வு மென்பொருளுக்கு எந்த ஜோடி பொருந்தும்?

ஆய்வகத்துக்குள் ஓடிக்கொண்டிருந்த நிரலைக் கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) திறந்துவிட்டவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகளில் சிக்கிக்கொள்கிறார்கள். "1.4.2 என்று எண் போடுவதா, 2025.3 என்று தேதி போடுவதா?" என்பது ஒன்று. "ஆவணத்தை (பயன்பாட்டு விளக்கத்தை) நிரலோடு சேர்த்து வைப்பதா, தனியாக நடத்துவதா?" என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக, பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் முடிவு செய்கிறார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் பயனரின் கணினியில் இருப்பது 1.2, தேடுபொறி கொண்டுவந்து நிறுத்துவது 2.0-இன் பக்கம், ஆய்வுக் கட்டுரையில் அச்சாகியிருப்பது இரண்டிலும் சேராத ஓர் எண்.

என்னைக் கேட்டால் இது ஒரே முடிவு. பதிப்பெண் எதற்கு உத்தரவாதம் தருகிறது என்பது ஆவணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் எண் முறையையும் ஆவண முறையையும் ஜோடியாகவே எடைபோட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மீட்பு. மூன்றாண்டுக்கு முந்தைய கட்டுரையில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு அதே நிரலையும், அந்த நிரலுக்கு உரிய ஆவணப் பக்கத்தையும் ஒருவர் எடுக்க முடியுமா? கைபேசிச் செயலிக்கு இது தேவையே இல்லை. ஆய்வு மென்பொருளுக்கு இது இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை.

இரண்டாவது எச்சரிக்கை. புதுப்பித்தால் என்ன ஆகும் என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? ஆய்வில் 'உடைவது' இரண்டு விதம். நிரல் பிழைச்செய்தியோடு நின்றுவிடுவது ஒரு விதம். அமைதியாக ஓடி முடித்து வேறு விடை தருவது இன்னொரு விதம். இரண்டாவதுதான் ஆபத்தானது.

2019 டிசம்பரில் வந்த, இயந்திரக் கற்றலுக்கான சைக்கிட்-லேர்ன் 0.22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பல தீர்மான மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில் மரங்களின் எண்ணிக்கைக்கான இயல்பு மதிப்பு அதில் 10-இலிருந்து 100 ஆனது. லாஜிஸ்டிக் ரெக்ரெஷன் என்ற இன்னொரு கணிப்பு முறையின் இயல்பான தீர்வுமுறையும் அதே வெளியீட்டில் மாறியது. இந்த அளவுருக்களை வெளிப்படையாகக் குறிப்பிடாமல் எழுதிய பழைய நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். அட்டவணையில் எண்கள் மட்டும் வேறாக இருக்கும். முந்தைய வெளியீடுகள் இதைப் பற்றி எச்சரிக்கை அச்சிட்டன என்பது உண்மை. திரையில் ஓடும் எச்சரிக்கைகளை எத்தனை பேர் படிக்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும். "என் எண்கள் ஏன் மாறின?" என்று பின்னால் தேடி வருபவருக்கு வழிகாட்டுவது, அந்த அளவுருவின் விளக்கத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை வரி: 0.22-இல் இயல்பு மதிப்பு 10-இலிருந்து 100 ஆனது. 0.21, 0.22 என்ற எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்த மாற்றத்தின் அளவு தெரியாது.

மூன்றாவது, வெளியீட்டு நாளின் சுமை. பெரும்பாலான ஆய்வகத் திட்டங்களில் வேலை செய்வது ஒன்றரை ஆள். அந்த ஒருவரும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் போகக்கூடியவர். ஒழுங்காகச் செய்தால் அருமையாக இருக்கும் என்ற முறைகளை இங்கே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

நான்காவது, எடுத்த முடிவிலிருந்து திரும்பி வர வழி இருக்கிறதா என்பது.

## செம்வெர்: பொருள் சொல்லும் எண்

கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய விதிமுறை செம்வெர் (செமான்டிக் வெர்ஷனிங்). மூன்று எண்கள். பழைய பயன்பாட்டை உடைத்தால் முதல் எண் ஏறும். உடைக்காமல் புதிதாகச் சேர்த்தால் நடு எண். பிழைத்திருத்தத்துக்குக் கடைசி எண். இதன் பெரிய பலம், மனிதர்களைப் போலவே கருவிகளும் இதைப் புரிந்துகொள்வது. "1.4 அல்லது அதற்கு மேல், ஆனால் 2-க்குக் கீழே" என்று ஒரு வரி எழுதினால் நிறுவும் கருவி அதன்படி நடந்துகொள்ளும்.

மறைந்த செலவுகள் மூன்று. முதலாவது, பொது இடைமுகம் (மற்றவர்கள் அழைத்துப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் தரும் பகுதி) எது என்று நீங்கள் முதலில் அறிவித்தாக வேண்டும். விதிமுறையே அதைக் கேட்கிறது. ஆய்வு நிரலில் இது சுலபமில்லை. உள்வேலைக்காக எழுதிய செயற்கூற்றை யாரோ ஒரு மாணவர் நேரடியாக அழைத்துப் பயன்படுத்திக்கொண்டிருப்பார். ஆவணத்தில் இடம்பெற்றவை மட்டுமே பொது இடைமுகம் என்று சொல்லிவிடுவது நல்ல வழி. அப்படிச் சொன்ன நிமிடமே ஆவணம் உங்கள் பதிப்பெண்ணின் சட்டப் புத்தகம் ஆகிவிடுகிறது. அது பழையதாகிக் கிடந்தால் எண்ணுக்கும் பொருளில்லை.

இரண்டாவது, விடை மாறுவதைப் பற்றி செம்வெர் வாய் திறப்பதில்லை. ஓர் இயற்பியல் மாறிலியின் மதிப்பு தவறாக இருந்தது, திருத்திவிட்டீர்கள். விதிப்படி இது பிழைத்திருத்தம், கடைசி எண் ஏறினால் போதும். ஆனால் உங்கள் நிரலை வைத்துக் கணக்கிட்ட எல்லோருடைய முடிவும் மாறுகிறது. இயல்பு மதிப்பும் எண்முறை முடிவும் மாறினால் குறைந்தது நடு எண்ணாவது ஏறும் என்று உங்கள் ஆவணத்தில் கூடுதல் விதி எழுதிவிடுங்கள். இரண்டு வாக்கியம் போதும்.

மூன்றாவது, முதல் எண்ணை ஏற்றப் பயம். பைத்தானில் எண் கணக்கீட்டுக்கான நம்பை லைப்ரரியின் 1.0 வந்தது 2006-இல், 2.0 வந்தது 2024 ஜூனில். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் எதுவும் உடையவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1.20-இல் கைவிடப்படுவதாக அறிவித்த சில பழைய வகைப்பெயர்களை 2022 டிசம்பரில் வந்த 1.24-இல் நீக்கினார்கள். நீக்கப்பட்ட 'இன்ட்' என்ற பெயர் காணவில்லை என்ற பிழைச்செய்தி அந்தச் சமயத்தில் பலருடைய திரையில் வந்தது. கறாரான செம்வெர்ப்படி இது 2.0-க்காகக் காத்திருந்திருக்க வேண்டும். நம்பை விதிமீறல் செய்யவில்லை. அதற்கென்று தனிக் கொள்கை ஆவணம் இருக்கிறது. குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு எச்சரித்துவிட்டு நீக்கலாம் என்கிறது அது. எண்ணின் தோற்றம் செம்வெர், நடைமுறை வேறு. அந்த வேறுபாடு எழுதப்பட்டிருப்பது ஆவணத்தில்.

எப்போது நல்லது: மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் இறக்கிப் பயன்படுத்தும் லைப்ரரிக்கு.

## கால்வெர்: தேதி சொல்லும் எண்

உபுண்டு இயங்குதளம் 24.04 என்றாலே 2024 ஏப்ரல் என்று தெரிந்துவிடுகிறதல்லவா, அந்த வழி. மூலக்கூறு இயக்கவியலுக்கான குரோமாக்ஸ், 5.1-க்குப் பிறகு 2016 என்று தாவியது; அதிலிருந்து ஆண்டுதான் பெயர், திருத்தங்கள் 2024.1, 2024.2 என்று வரும். அதே துறையின் லாம்ப்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், '2 ஆகஸ்ட் 2023' என்று முழுத் தேதியையே பதிப்பின் பெயராக வைத்திருக்கிறது.

உருவகப்படுத்தும் நிரல்களுக்கு இது ஏன் பொருந்துகிறது என்று யோசித்தால் காரணம் எளிது. இவற்றைப் பெரும்பாலோர் தங்கள் நிரலுக்குள் இறக்கிக்கொள்வதில்லை. உள்ளீட்டுக் கோப்பு எழுதி, கணினித் தொகுதியில் நிறுவியிருக்கும் பதிப்பில் ஓட்டுகிறார்கள். ஆய்வேடு முடியும்வரை பதிப்பை மாற்றக் கூடாது என்பதுதான் அவர்களுடைய முதல் விதி. அவர்களுக்கு வேண்டியது, கையில் இருப்பது எவ்வளவு பழையது, அதற்கு இன்னும் திருத்தம் வருகிறதா என்ற இரண்டு தகவல்கள். நடப்பு ஆண்டின் பதிப்புக்கு வழக்கமான திருத்தங்கள், முந்தைய ஆண்டினதற்கு அறிவியல் முடிவைப் பாதிக்கும் பிழைகளுக்கு மட்டும் என்ற குரோமாக்ஸின் ஏற்பாடு அந்தக் கேள்விக்கு நேரடியான பதில். முறையியல் பகுதியில் "குரோமாக்ஸ் 2022.3" என்று எழுதினால் மதிப்பாய்வாளருக்கும் காலம் புரிகிறது.

லைப்ரரிகளும் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. இணைக் கணிப்புக்கான டாஸ்க் 2020 டிசம்பரில் 2020.12.0 என்று மாறியது. பல பரிமாணத் தரவுக்கான எக்ஸ்அரே 0.21.1-லிருந்து 2022.03.0-க்குப் போனது.

இனி செலவுகள். எச்சரிக்கை என்ற அளவுகோலில் கால்வெருக்கு மதிப்பெண் பூஜ்ஜியம். 2024.5-இலிருந்து 2024.6-க்குப் போனால் என்ன உடையும்? எண் சொல்லாது, மாற்றப் பட்டியல் மட்டுமே சொல்லும். கால்வெரைத் தேர்ந்தெடுப்பவர் மாற்றப் பட்டியலை ஒழுங்காக எழுதும் கடமையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

இன்னொன்று சின்ன விஷயம்; நேரில் பட்டால்தான் வலி தெரியும். எக்ஸ்அரேவின் டேக்கில் (நிரல் வரலாற்றில் ஒரு வெளியீட்டைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) 2022.03.0 என்று இருக்கிறது. பைத்தானின் பதிப்பெண் விதி முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்தை நீக்கிவிடும். நிறுவிய கணினியில் தெரிவது 2022.3.0. ஆவண முகவரியோ டேக்கின் பெயரில் உருவாகிறது. நிறுவிய எண்ணை அப்படியே முகவரியில் போட்டுத் தேடினால் பக்கம் கிடைக்காது. மாதத்துக்கு முன்னால் பூஜ்ஜியம் போடாதீர்கள், விஷயம் அவ்வளவுதான்.

முடிந்துபோன நிரலுக்கும் தேதி பொருந்தாது. ஒரு சமன்பாட்டைத் தீர்க்கும், பிழையில்லாத, இனி மாற்றத் தேவையில்லாத சிறு நிரல் 2021.1 என்று நின்றால், கைவிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று பயனர் விலகிவிடுவார். அதே நிரல் 1.0.3 என்று நின்றால் யாரும் கவலைப்படமாட்டார்கள்.

பெரிய செலவு, இது ஒருவழிப் பாதை என்பது. 0.9-இலிருந்து 2025.1-க்குப் போகலாம். அங்கிருந்து 1.0-க்கு வந்தால் நிறுவும் கருவிக்கு 1.0 என்பது 2025-ஐவிடச் சிறியது. புதிய வெளியீட்டைப் பழையதாகவே எடுத்துக்கொள்ளும். பைத்தானில் 'எபக்' என்ற முன்னொட்டைச் சேர்த்து இதைச் சமாளிக்க விதி இருக்கிறது. சேர்த்துவிட்டால் பிறகு கழற்ற முடியாது.

இந்த இடத்தில் பாய்ம இயக்கத்தைக் கணிக்கும் ஓபன்ஃபோமைச் சொல்லாமல் போக முடியாது. அதே பெயரில் இரண்டு தரப்புகள் வெளியிடுகின்றன. ஃபவுண்டேஷன் தரப்பின் பதிப்புகள் 10, 11, 12 என்று வரிசை எண்ணில் வருகின்றன. ஓபன்சிஎஃப்டி தரப்பினுடையவை 2306, 2312 என்று ஆண்டும் மாதமும் சேர்ந்து. 2023-இல் வந்த 11-ஆம் பதிப்பில் ஃபவுண்டேஷன் தரப்பு, தனித்தனித் தீர்வு நிரல்களை 'ஃபோம்ரன்' என்ற ஒரே நிரலின் கீழ் மாட்யூல்களாக மாற்றத் தொடங்கியது. மறு தரப்பில் பழைய ஏற்பாடே இருக்கிறது. ஒரு தரப்பின் பயிற்சிப் பாடத்தைப் படித்துவிட்டு மறு தரப்பின் நிரலில் தட்டச்சு செய்யும் மாணவருக்கு நேரக்கூடிய குழப்பத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஒரே ஆறுதல், எண்ணின் உருவத்தைப் பார்த்தே எந்தத் தரப்பு என்று சொல்லிவிடலாம் என்பது.

## எஃப்வெர், பிறகு பூஜ்ஜியத்திலேயே நிற்பது

2024-இல் ஜேக்கப் டாம்லின்சன் முன்வைத்த எஃப்வெரில் எண்கள் செம்வெர் போலவே தெரியும். பொருள் மட்டும் வேறு. புதுப்பிக்கப் பயனர் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்பதை அவை சொல்கின்றன: நிறைய, கொஞ்சம், ஒன்றுமில்லை. வரைபடங்கள் வரையும் மேட்பிளாட்லிப்பும் கணிப்பு லைப்ரரியான ஜாக்ஸும் இதை ஏற்றிருக்கின்றன. மேட்பிளாட்லிப் 2.0-ஐ நினைத்தால் இதன் நியாயம் விளங்கும். 2017-இல் வந்த அந்த வெளியீட்டின் முக்கிய மாற்றம் படங்களின் இயல்பான தோற்றம். 'ஜெட்' நிறவரிசை போய் 'விரிடிஸ்' வந்தது. பழைய நிரல்கள் பெரும்பாலும் ஓடின, ஆனால் படங்கள் வேறாக இருந்தன. ஆய்வு மென்பொருளின் இயல்புக்கு இந்த அளவீடுதான் நெருக்கமானது என்பது என் எண்ணம். விடை மாற்றத்தையும் உழைப்புக் கணக்கில் சேர்த்துவிடலாம். குறை, பலருக்கு இது தெரியாது. எண்ணைப் பார்ப்பவர் செம்வெர் என்றே படிப்பார்.

பூஜ்ஜியத்தில் நிற்பவர்களையும் குறை சொல்ல மாட்டேன். அறிவியல் கணிப்புக்கான சைபை 2001-இல் தொடங்கி 1.0-ஐத் தொட 2017 ஆனது. சைக்கிட்-லேர்ன் 2021-இல்தான் தொட்டது. 0 என்றால் எதுவும் மாறலாம் என்று விதி சொன்னாலும், உலகமே உங்களை நம்பிக் கட்டுரை எழுதிய பிறகு அந்தச் சலுகை செல்லாது. முதல் கட்டுரை உங்கள் நிரலை மேற்கோள் காட்டும் நாளில் 1.0 போட்டுவிடலாம். கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் தன் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் பதிப்பெண்ணை 3.14159… என்று பையின் மதிப்பை நோக்கி நகர்த்திக்கொண்டிருப்பது தனிக்கதை. அந்த உரிமையை அவர் சம்பாதித்துவிட்டார்.

## ஆவணத்தை எங்கே வைப்பது

| வழி | மீட்பு | வெளியீட்டு நாள் சுமை | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| நிரலோடு ஒரே களஞ்சியம் (கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடம்), ஒவ்வொரு டேக்குக்கும் தனி ஆவணம் | மிக நன்று | குறைவு, தானியங்கி அமைத்துவிட்டால் | பழைய பக்கங்கள் தேடலில் முன்னே வருவது | லைப்ரரிகள் |
| ஒரே வாழும் ஆவணம், "இந்தப் பதிப்பில் வந்தது" என்ற குறிப்புகளுடன் | சுமார் | மிகக் குறைவு | நீக்கியவற்றுக்கு இடமில்லை | சேர்ப்பதே அதிகம், நீக்குவது அரிதான சிறு திட்டம் |
| தனிக் களஞ்சியம் அல்லது விக்கி | பலவீனம் | இரட்டை வேலை | நிரல் மாறும், ஆவணம் மாறாது | பயிற்சிப் பாடங்கள், பல தொகுப்புகளைத் தொடும் பாடங்கள் |
| வெளியீட்டுக்கு ஒரு கையேடு, டிஓஐ-யுடன் (மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண்) | மிக நன்று | அதிகம் | இடையில் திருத்த முடியாது | ஆண்டுக்கொரு வெளியீடு உள்ள உருவகப்படுத்தும் நிரல்கள் |

முதல் வரிசையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் அதுதான். ஆவணம் உருவாக்கும் ஸ்பிங்க்ஸ் கருவியில் எழுதி, ஆவணங்களை இணையத்தில் வெளியிடும் ரீட் த டாக்ஸில் ஏற்றினால் 'லேட்டஸ்ட்', 'ஸ்டேபிள்' என்று இரண்டு முகவரிகள் கிடைக்கும். முதலாவது முதன்மைக் கிளையின் நிலை, இரண்டாவது கடைசியாக டேக் போட்ட வெளியீடு. இயல்பு முகவரியை லேட்டஸ்டிலேயே விட்டுவைத்தால், பயனர் படிக்கும் அளவுரு அவர் நிறுவிய பதிப்பில் இன்னும் வந்திருக்காது. நிரல் பழுது என்று புகார் எழுதுவார். ஸ்டேபிளுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு சொடுக்குதான்.

ஸ்பிங்க்ஸும் அதன் தோற்ற வார்ப்புருவும் தாமே பதிப்பு மாறிக்கொண்டிருக்கும். அவற்றின் எண்களை ஆவணத் தேவைப் பட்டியலில் பூட்டி வைக்காவிட்டால், மூன்றாண்டு முந்தைய டேக்கின் ஆவணத்தை மறுபடி உருவாக்க வேண்டி வரும்போது அது உருவாகாது. பழைய ஆவணத்தில் எழுத்துப்பிழை கண்டால் டேக்கை நகர்த்தும் சபலம் வரும், கூடவே கூடாது. கட்டுரைகள் அந்த டேக்கை நம்பிக்கொண்டிருக்கின்றன. அந்த வெளியீட்டுக்கு ஒரு கிளை திறந்து, திருத்தி, 1.4.3 என்று வெளியிடுங்கள். பழைய பக்கங்களின் தலையில் "இது பழைய பதிப்பின் ஆவணம்" என்ற பட்டையும், தேடுபொறிக்கு ஸ்டேபிள் பக்கமே மூலம் என்ற குறிப்பும் இருக்கட்டும். ஜூலியா மொழியில் எழுதுபவர்களுக்கு டாக்குமென்டர் என்ற கருவி இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதியைத் தானே செய்துகொடுக்கிறது.

தனிக் களஞ்சியத்தைப் பற்றிய என் அவநம்பிக்கை அட்டவணையிலேயே தெரிந்திருக்கும். ஒரே மாற்றக் கோரிக்கையில் நிரலும் ஆவணமும் சேர்ந்து வந்தால், "ஆவணம் எங்கே?" என்று கேட்டு ஏற்க மறுக்கலாம். இரண்டு களஞ்சியம் என்றால் அந்தப் பிடி போய்விடுகிறது. ஆனாலும் விதிவிலக்குகள் நியாயமானவை. படங்களைப் பார்க்க உதவும் நேப்பாரி தன் ஆவணத்தைத் தனிக் களஞ்சியத்தில்தான் நடத்துகிறது. நம்பையின் பயிற்சிப் பாடங்களும் தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. நீண்ட நேரம் ஓடும் நோட்புக்குகளை (நிரலும் விளக்கமும் கலந்த பக்கங்கள்) நிரலோடு வைத்தால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் சோதனை முடியக் காத்திருக்க வேண்டும். பாடம் எழுதுபவர்களும் நிரல் எழுதுபவர்களும் வேறு வேறு குழுவாக இருந்தாலும் பிரிப்பதே நல்லது. அளவுரு விளக்கங்களை மட்டும் பிரிக்காதீர்கள்.

## ஜோடியைக் கட்டிப்போடுவது

எந்த முறையானாலும் எண் பிறக்கும் இடம் ஒன்றாக இருக்கட்டும்: நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் போடும் டேக். நிரலில் ஒரு எண், ஆவண அமைப்பில் ஒரு எண், மேற்கோள் கோப்பில் ஒரு எண் என்று கையால் எழுதினால் மூன்றில் ஒன்று விட்டுப்போகும். டேக்கிலிருந்து எண்ணை எடுத்துத் தரும் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் போன்ற கருவிகள் இருக்கின்றன. இதிலும் ஒரு பொறி உண்டு. கிட்ஹப்பின் தானியங்கிக் கட்டமைப்பு இயல்பாகக் கடைசிக் கமிட்டை (கடைசியாகப் பதிவான மாற்றத்தை) மட்டுமே இறக்கும், டேக்குகள் வராது. உங்கள் 3.2-இன் ஆவணத் தலைப்பில் "0.1 டெவ்" என்று ஏதோ ஒன்று நின்றால் வேறெங்கும் தேடாதீர்கள், முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

மாற்றப் பட்டியலை வெளியீட்டு நாளில் நினைவிலிருந்து எழுதுவது வேலைக்கு ஆகாது. நம்பையும் வானியலுக்கான அஸ்ட்ரோபையும் டவுன்கிரையர் என்ற கருவியின் வழியைப் பின்பற்றுகின்றன: ஒவ்வொரு மாற்றக் கோரிக்கையோடும் ஒரு துணுக்குக் கோப்பு வரும், வெளியீட்டின்போது எல்லாம் ஒன்றாகத் தொகுக்கப்படும். ஆய்வகத் திட்டத்துக்கு நான் சேர்க்கச் சொல்வது ஒரு தலைப்பு: "விடையை மாற்றும் மாற்றங்கள்". மற்றத் தலைப்புகள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

மேற்கோளுக்கு, செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ என்ற காப்பகம். 2017-லிருந்து அது இரண்டு வகை டிஓஐ தருகிறது: ஒவ்வொரு பதிப்புக்கும் ஒன்று, எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஒன்று. கிட்ஹப் இணைப்பு வழியாக வரும் பதிப்பு டிஓஐ வெளியீட்டுக்குப் பிறகுதான் பிறக்கும் என்பதால், அந்த வெளியீட்டின் ஆவணத்துக்குள் அதை எழுத முடியாது. ஆவணத்தில் பொது டிஓஐயை வைத்து, "உங்கள் பதிப்புக்கு உரியதை அங்கிருந்து எடுத்து மேற்கோள் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுவது போதும். ஆய்வு மென்பொருளுக்கான ஜாஸ் இதழுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்த வேலை எப்படியும் வரும். மதிப்பாய்வின் முடிவில் டேக் போட்ட வெளியீட்டையும் அதன் காப்பக டிஓஐயையும் கேட்பார்கள்.

## யாருக்கு எது

மற்றவர்கள் இறக்கிப் பயன்படுத்தும் லைப்ரரி, ஓரிரு பராமரிப்பாளர்கள்: செம்வெர் உருவில் எண், எஃப்வெர் மனநிலையில் தீர்ப்பு, ஒரே களஞ்சியம், டேக்குக்கு ஓர் ஆவணம்.

உள்ளீட்டுக் கோப்பால் ஓடும் உருவகப்படுத்தும் நிரல், கணினித் தொகுதிகளில் நிறுவப்படுவது: கால்வெர், ஆண்டுக்கொரு கையேடு, கையேட்டுக்கும் டிஓஐ. ஆண்டுதோறும் வெளியிடும் தெம்பு குழுவுக்கு இருந்தால் மட்டும்.

ஒரே கட்டுரைக்காக எழுதி, இனி பெரிதாக வளராத நிரல்: 1.0 போட்டு ஜெனோடோவில் ஏற்றுங்கள். ஆவணம் ஒரு நல்ல ரீட்மி கோப்பு. ஸ்பிங்க்ஸ், தனித்தளம் எதுவும் வேண்டாம். பராமரிக்க ஆளில்லாத தளம் பயனரைத் தவறாகத்தான் வழிநடத்தும்.

பல தொகுப்புகள் சேர்ந்த குடும்பம்: ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி அளவுரு ஆவணம், பயிற்சிப் பாடங்கள் மட்டும் பொதுக் களஞ்சியத்தில், எந்தப் பதிப்புகளோடு சோதிக்கப்பட்டன என்ற வரி ஒவ்வொரு பாடத்தின் தலையிலும்.

இவற்றில் எதிலும் பொருந்தாமல், குழுவுக்குள் இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருந்தால் தற்போதைக்கு மூன்று எண்களிலேயே இருங்கள். அங்கிருந்து தேதிக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். இப்போது சிதறிக் கிடக்கும் விக்கியையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம்: அளவுரு விளக்கங்களை முதலில் நிரலுக்குள் கொண்டுவாருங்கள், விக்கியில் அந்தப் பக்கங்களைப் பூட்டிப் புதிய முகவரியைக் காட்டுங்கள், மீதி அடுத்த வெளியீட்டுக்கு.